மூன்றாவது சிப்பாயின் கடிகாரம்

'மகரபுரி மணிமுடி' ஓடாத படம். மதுரையில் நாலு நாள், விருதுநகரில் இரண்டு நாள், அதற்கப்புறம் அதைத் தொட ஆளில்லை. படத்தை எடுத்த சேலத்துக்காரர் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு எந்த ஊருக்குப் போனாரோ தெரியாது. பார்த்தவர்கள் குறை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். கிணற்றடியில் ராஜாவுக்கு இருந்த மீசை, அரண்மனை வாசலுக்கு வருவதற்குள் காணாமல் போய்விடும். ராணி வாயை மூடிய பிறகும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியில் ராஜாவின் படை அணிவகுத்து வரும்போது, முன்வரிசையில் மூன்றாவதாக வருகிற சிப்பாயின் மணிக்கட்டில் ஒரு கைக்கடிகாரம் பளபளக்கும். அந்தக் காலத்து ராஜாவின் படையில் ஏது கைக்கடிகாரம்? எடுத்தவர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் 1943ஆம் வருஷம் மாசியில் அந்தப் படம் ஸ்ரீவில்லிபுத்தூர் கண்மாய்க்கரையில் இருந்த டூரிங் கொட்டகைக்கு வந்தபோது மூன்று வாரம் ஓடியது. மதுரைக்காரர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்களோ, அதில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். யுத்த காலம். பேப்பரில் வருவதை நம்ப முடியாது, வாயைத் திறந்து பேசினால் போலீஸ் பிடிக்கும். ஆகவே ஒரு வார்த்தை வசனம் இல்லாத சிப்பாயின் கையில் இருந்த கடிகாரத்தைப் பற்றி ஊர் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு பருத்தி மண்டியில் எடை போடுகிற வேதசிரோமணி காதிலும் அந்தப் பேச்சு தினமும் விழுந்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பொதிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்க்காமல் ஒரு பொதியையும் தராசில் ஏற்றவிடமாட்டார். மேலே பார்த்தால் பருத்தி வெள்ளை வெளேரென்று இருக்கும். உள்ளே தண்ணீர் தெளித்திருப்பார்கள், கொட்டை கலந்திருப்பார்கள். ஆலங்குளத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சுண்ணாம்புக்கல்லையே வைத்து அனுப்பியிருந்தார். முப்பது வருஷமாக இப்படிக் கையை விட்டு விட்டு, மனிதர்களையும் அதே மாதிரி பார்க்கப் பழகிவிட்டார் வேதசிரோமணி. யாராவது சிரித்த முகத்தோடு எதிரே வந்தால், உள்ளே எங்கே ஈரம் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை சபையிலும் அவர் அப்படித்தான். சபைக் கமிட்டியில் அங்கத்தினர். சினிமாக் கொட்டகைக்குப் போகிறவர்களுக்கு நற்கருணை கிடையாது என்று கமிட்டியில் தீர்மானம் கொண்டுவந்ததே அவர்தான்.

மண்டியில் கடிதப் போக்குவரத்து பார்க்கிற உப்பிலி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஆண்டாள் கோயில் மாடவீதியில் வீடு. தினமும் ரயிலில் வருவார். நெற்றியில் திருமண் காய்வதற்கு முன்னாலேயே படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

"அது சாதாரணக் கடியாரம்னு நினைச்சீரா ஓய்? காலம்! பகவானே காலஸ்வரூபி இல்லையோ? மணிமுடி போச்சு, மீசை போச்சு, எல்லாம் போனப்புறம் மிஞ்சறது காலம் ஒண்ணுதான். அந்தச் சிப்பாயைப் பாரும். ஈட்டியை இடது கையிலே பிடிச்சுண்டு, கடியாரத்தை வலது கையிலே கட்டிண்டு வரான். லோக வழக்கத்துக்கு நேர் எதிர். எடுத்தவன் மகா ஞானி!"

பொதி தூக்குகிற சிவனாண்டி கதர்த்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கே வருவார்.

"சாமி சொல்லுதது கெடக்கட்டும். மணிமுடின்னா நாடு. மீச போன ராசான்னா வெள்ளக்காரன். இது சின்னப்பிள்ளைக்கிக்கூட வெளங்கும். அப்பொறம் கடியாரத்த எதுக்குக் காட்டுதான்? நேரம் வந்துருச்சு, எந்திரிங்கலேன்னு சொல்லுதான்!"

"பொதியத் தூக்கும் சிவனாண்டி. வெயில் ஏறுது" என்பார் வேதசிரோமணி. ஒரு பொழுதுபோகாத படத்தில் இத்தனை பேர் கையை விட்டு இத்தனை சாமான் எடுக்கிறார்களே என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை காலையில் உப்பிலி வழக்கம் போல வந்து, வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, ஒன்றும் இல்லாத விஷயம் போலச் சொன்னார்:

"நேத்திக்கும் உம்ம ஆத்து அம்மாவைக் கொட்டகையிலே பார்த்தேன் ஓய். போன சனிக்கிழமையும் பார்த்தேன். தீர்மானம் போட்டவர் வீட்டிலேயே ரசிகை இருக்காளே!"

பொதிக்குள் விட்ட கையை வேதசிரோமணி எடுக்கவில்லை. "அது வேற யாராவதா இருக்கும்" என்றார். உப்பிலி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் மனைவி ஏசம்மாள் புதன்கிழமையும் சனிக்கிழமையும், பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையால் ஓடிய கரிகேஸ் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க்கொண்டிருந்தது உண்மை. அக்கா தங்கபாய்க்கு இளைப்பு அதிகமாகிவிட்டது, இரவு பக்கத்தில் ஆள் வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். அவரும் மருந்து வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். இளைப்புக்காரியின் பக்கத்தில் ராத்திரி முழுக்க விழித்திருந்தவள் முகம் அடுத்த நாள் இப்படித் தெளிவாக இருக்குமா? கிறிஸ்துமஸுக்கு மட்டும் உடுத்துகிற நீலக்கரைச் சேலையை நோயாளி வீட்டுக்கு ஏன் உடுத்திக்கொண்டு போகிறாள்? அரிசி களையும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாளே, அது எந்தப் பாட்டு?

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் பாட்டு என்பதே இல்லை. ஒரே மகன் தேவஇரக்கம் வீட்டை விட்டுப் போனதிலிருந்து ஏசம்மாள் வேலை செய்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள், அவ்வளவுதான். பையன் பத்தொன்பது வயதில் நாடகக் கம்பெனியோடு சேரப்போகிறேன் என்று நின்றான். வேதசிரோமணி பெல்ட்டை எடுத்தார். மறுநாள் விடியும்போது அவன் இல்லை. மண்டி முதலாளி அவருக்குப் பரிசாகக் கொடுத்து, அலமாரியில் பூட்டி வைத்திருந்த பொருளும் கூடவே காணாமல் போயிருந்தது. கூத்தாடி மட்டுமல்ல, திருடன் என்று சபையில் எல்லோரிடமும் சொன்னார். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் அவன் பெயரை இனி யாரும் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டார். வீட்டில் இருந்தது அவளும் அவரும்தான், உத்தரவு அவளுக்குத்தான்.

அப்படிச் செத்துக் கிடந்த முகத்தில் இப்போது வெளிச்சம் வந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்தது தான் அல்ல என்பது மட்டும் வேதசிரோமணிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அப்படியானால் யார்? நாற்பத்துநாலு வயதுக்காரி, ஓடாத படத்தை, பொய் சொல்லிவிட்டு, திரும்பத் திரும்ப எதற்குப் போய்ப் பார்க்கிறாள்? இருபத்திரண்டு வருஷத்துப் பெண்டாட்டி கையை விட்டுப் போகிறாள் என்று பயந்தார். கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்டால் பொய்தான் சொல்வாள் என்று அவருக்கு ஒரு தீர்மானம்.

சனிக்கிழமை அவள் புறப்பட்டுப் போனதும், சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏழு மைல் மிதித்தார். தலையில் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு, தரை டிக்கெட் வாங்கி, மணலில் தூணோரமாக உட்கார்ந்தார். யாராவது சபைக்காரர்கள் கண்ணில் பட்டுவிட்டால் தான் போட்ட தீர்மானம் தன் தலையிலேயே விழும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே முழங்காலளவுக்கு ஓலைத்தட்டி. அதற்கு மேலே பெண்கள் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. நாலாவது வரிசையில் நீலக்கரைச் சேலை. பக்கத்தில் தங்கபாய், இளைப்பின் சுவடே இல்லாமல் கடலை தின்றுகொண்டிருந்தாள்.

படம் ஓடியது. வேதசிரோமணி படத்தைப் பார்க்கவில்லை. ராஜா கிணற்றடியில் அழுதார், மீசை போயிற்று, ராணி பாடினாள். எல்லாம் அவர் காதில் மட்டும் விழுந்தது. கண் முழுக்கத் தட்டிக்கு அந்தப் பக்கம். நடுவில் மூன்று தடவை சுருள் மாற்றி விளக்கு எரிந்தபோது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசிச் சுருளில் நடந்தது. பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற பால்சாமி உள்ளே வந்தார். நாற்பது வயது, சுருட்டை முடி, பழுப்புச் சட்டை. ஏசம்மாள் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் சட்டென்று எழுந்து தட்டியோரமாக முன்னே போய் நின்றாள். பால்சாமி பின்னால் இருந்தவர்களுக்கு மறைக்காதபடி அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். திரையில் முரசு கொட்டியது, படை வருகிற சத்தம் கேட்டது. கொட்டகை முழுக்க ஆளாளுக்கு எழுந்து நின்று, "கடியாரம்! ந்தா வருது கடியாரம்!" என்று கத்தினார்கள். அத்தனை பேர் கண்ணும் திரையில் இருந்தது. ஒரே ஒருவர் கண் மட்டும் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது. திரை வெளிச்சத்தில் ஏசம்மாள் முகம் மலர்ந்திருந்தது. ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மறு கையை மெல்லத் தூக்கினாள், யாரையோ வா என்று கூப்பிடுகிற மாதிரி. அவள் கை நீண்ட பக்கத்தில்தான் பால்சாமி நின்றுகொண்டிருந்தார்.

வேதசிரோமணிக்குப் போதுமானதாக இருந்தது. ஆனாலும் எடைக்காரர் அல்லவா, ஒரு பொதியை இரண்டு தடவை பார்ப்பது வழக்கம். புதன்கிழமையும் போனார். அதே முரசு, அதே கூச்சல், அதே பால்சாமி, அதே மலர்ந்த முகம். ஊரில் எத்தனையோ பேர் அந்தக் கடிகாரத்துக்கு அர்த்தம் கண்டுபிடித்தார்களே, அவரும் அன்றைக்கு ஒன்று கண்டுபிடித்தார். ஏசம்மாளும் பால்சாமியும் சந்திக்க வைத்துக்கொண்ட அடையாளம் அதுதான் என்பது அவர் அர்த்தம். எல்லோர் கண்ணும் கடிகாரத்தில் இருக்கிற நேரம் பார்த்து இவர்கள் பேசிக்கொள்கிறார்களாம்.

வெளியே சண்டை போட்டால் தன் மானம்தான் போகும். படம் ஊரை விட்டுப் போனால் கொட்டகைக்குப் போகச் சாக்கு இல்லை; கொட்டகையும் போய்விட்டால் பால்சாமியும் போய்விடுவார். வேதசிரோமணி மண்டியில் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது ஒரு தாளை எடுத்தார். கையெழுத்துத் தெரியக்கூடாது என்று பேனாவைப் பீச்சாங்கையில் பிடித்தார். இதே இடது கையால் எழுதினான் என்பதற்காகத்தான் ஒரு காலத்தில் தேவஇரக்கத்தின் விரல் மொளியில் ரூல்தடியால் அடித்திருக்கிறார். அது இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. எழுத்து கோணல்மாணலாக வந்தது.

"சர்க்கிள் இன்ஸ்பெக்டர் அவர்கள் சமூகத்துக்கு, ராஜவிசுவாசமுள்ள ஒருவன் எழுதிக்கொள்வது. கண்மாய்க்கரைக் கொட்டகையில் ஓடும் படத்தில் சிப்பாய் ஒருவனுக்குக் கைக்கடிகாரம் கட்டிவிட்டிருப்பது தற்செயல் அல்ல. நேரம் வந்துவிட்டது, தண்டவாளம் பெயர்க்கவும் தந்திக்கம்பி அறுக்கவும் எழுந்திருங்கள் என்று ஜனங்களுக்குக் காட்டும் ஜாடை. அந்தக் கட்டம் வந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கோஷம் போடுகிறார்கள். சமூகம் நேரில் வந்து பார்த்தால் விளங்கும்."

சிவனாண்டி கண்டுபிடித்த அர்த்தத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார். சிவனாண்டி பெயரை எழுதவில்லை, அந்த அளவுக்கு மனசாட்சி இருந்தது. ரயில் நிலையத்துத் தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்து, அன்றைக்குக் குடும்ப ஜெபத்தை வழக்கத்தைவிட நீளமாகவே நடத்தினார்.

ஆகஸ்ட் கலகம் நடந்து அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மொட்டைக் கடுதாசிக்கு மதிப்பு இருந்த காலம். வெள்ளிக்கிழமை போலீஸ் வந்து கொட்டகையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தது. படத்தில் அவர்களுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் கடிகாரம் வந்தபோது இருநூறு பேர் எழுந்து கத்தியது விளங்கியது. படத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேதசிரோமணிக்கு இது தெரியாது. படம் இன்னும் ஓடுகிறது என்றும் ஏசம்மாள் நீலக்கரைச் சேலையை மடித்து வைத்திருக்கிறாள் என்றும்தான் தெரிந்தது. சனிக்கிழமை மூன்றாவது தடவையாக முக்காடு போட்டுக்கொண்டு போய்த் தூணோரமாக உட்கார்ந்தார். இன்றைக்கு எப்படியும் பால்சாமியின் சட்டையைப் பிடித்துவிடுவது என்று வந்திருந்தார்.

கடைசிச் சுருள். பால்சாமி உள்ளே வந்தார், ஏசம்மாளிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் முகம் நன்றாக இல்லை. ஏசம்மாள் அதைக் காதில் வாங்காதவள் போல எழுந்து தட்டியோரமாகப் போய் நின்றாள். முரசு கொட்டியது. ஜனங்கள் எழுந்தார்கள். திரை ஒரு தடவை துள்ளியது. படை அணிவகுக்காமலேயே ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வெட்டிட்டானுகளே! ஏலே, கடியாரத்த வெட்டிட்டானுகளே!" என்று தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. ராஜாவுக்கு முடி சூட்டினார்கள். ஏசம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். படம் முடிந்து விளக்கு எரிந்தது. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தேம்பி அழுகிற அழுகை இல்லை. சவத்தை எடுக்கும்போது வாசலில் விழுந்து அழுகிற அழுகை.

பெண்கள் கூடிவிட்டார்கள். வேதசிரோமணி தன்னை மறந்து தட்டியைத் தாண்டினார். துண்டு எங்கோ விழுந்தது. சபைக்காரர்கள் இருந்திருந்தால் நன்றாகவே பார்த்திருக்கலாம்.

"ஏட்டி, யாருக்காக இந்த அழுக அழுத? சொல்லு. யாருக்கு?"

ஏசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அங்கே எப்படி வந்தார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் வந்துட்டீகளா? தெரிஞ்சு வந்தீகளா? ஒரு நா முந்தி வரக்கூடாதா! நம்ம பிள்ளைங்க. நம்ம தேவஇரக்கந்தாங்க அந்தச் சிப்பாயி. மூணாவதா வருவான்ல, அவந்தான். அந்தக் கடியாரம் ஒங்க கடியாரந்தான். அவன் திருடலைங்க. நான்தான் முடிச்சுக்குள்ள வச்சிக் குடுத்து அனுப்புனேன். பசிச்சா வித்துச் சாப்பிடுலேன்னு சொன்னேன். அவன் விக்கலைங்க. கையிலேயே கெட்டியிருக்கான்."

பக்கத்தில் நின்ற தங்கபாய் மெதுவாகச் சொன்னாள்: "மொத நாளு நான்தான் அடையாளம் கண்டு சொல்லிவிட்டேன் கொழுந்தனாரே. ஒங்களுக்குத் தெரிஞ்சா விடமாட்டீகன்னு பயந்துக்கிட்டுத்தான் எளப்புன்னு சொன்னோம். படக்கம்பெனிக்கிக் கடுதாசி போட்டோம், ஆளில்லைன்னு திரும்பி வந்துருச்சு. இங்கன பாக்குததுதான் பாக்கி இருந்துச்சு. இந்தா நிக்காரே பால்சாமி, இவரு தம்பி பர்மாவுக்குப் பட்டாளத்துல போனவன், கடுதாசி இல்ல. சொன்னதும் வெளங்கிக்கிட்டாரு. அந்த எடம் வரும்போது வந்து சொல்லி, முன்னால நிக்கவிடுவாரு."

பால்சாமி, "எவனோ பாவி மொட்டைக் கடுதாசி போட்டுட்டான்யா" என்றார்.

இடது கையில் ஈட்டி. வலது கையில் கடிகாரம். உப்பிலி எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். பீச்சாங்கைப் பழக்கத்தை அடித்து அடித்துத் திருத்தப் பார்த்தது யார்? மூன்று தடவை இந்த மணலில் வந்து உட்கார்ந்தார். அதில் இரண்டு தடவை இருபதடிக்கு முன்னால், வெளிச்சத்தில், மகன் நடந்து வந்திருக்கிறான். இருநூறு பேர் எழுந்து நின்று இதோ வருகிறான் என்று கத்தியிருக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் பாக்கலையேட்டி" என்றார்.

படம் ஓட்டுகிற அறைக்கு ஓடினார். வெட்டின துண்டு எங்கே என்று ஆப்பரேட்டரைக் கேட்டார். விளக்கில் பிடித்துப் பார்த்தாலாவது முகம் தெரியும் அல்லவா.

"அத இன்ஸ்பெக்டர் முன்னாலயே கொளுத்திட்டோம்யா. அவிய கொளுத்தச் சொன்னாக."

"பூராவுமா?"

"பிலிமுன்னா ஒங்க மண்டிப் பஞ்சு மாதிரிதான்யா. தீக்குச்சியக் காட்டுனதும் பக்குனு போயிருச்சு. சாம்பல்கூட இல்ல."

"எம்புட்டு நீளம் இருக்கும்?"

ஆப்பரேட்டர் இரண்டு கையையும் அகலமாக விரித்தார். "இதுமாதிரி ரெண்டு இருக்கும். ஓட்டுனா அஞ்சாறு நொடி வரும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவர் போகவில்லை. திங்கட்கிழமை மண்டிக்கு வந்தார். உப்பிலி வந்து உட்காருவதற்குள் அவர் எதிரில் போய் நின்றார். முப்பது வருஷத்தில் வேதசிரோமணி வேறொருவரிடம் கெஞ்சுகிற குரலில் பேசியது அன்றைக்குத்தான்.

"ஓய் உப்பிலி, அந்தச் சிப்பாய மூணு தடவ பாத்தீரே. ஆளு எப்படி இருந்தான்? மெலிஞ்சிருந்தானா? கன்னம் ஒட்டிப்போயி இருந்துச்சா?"

உப்பிலி வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் குழப்பம்தான் வந்தது.

"முகத்தை யார் பார்த்தா ஓய்? கடியாரத்தைன்னா பார்த்தோம்!"

சிவனாண்டியைக் கேட்டார். சிவனாண்டி கடிகாரத்தின் முள் எந்த எண்ணில் நின்றது என்றுகூடச் சொன்னார். பத்து மணி பத்து நிமிஷமாம். அதற்கும் ஓர் அர்த்தம் வைத்திருந்தார். முகம் தெரியாது. ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த வேறு நாலு பேரை நிறுத்திக் கேட்டார். ஐந்து தடவை பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவருக்கும் முகம் தெரியாது. அத்தனை அர்த்தம் கண்டுபிடித்த ஊரில், அந்தச் சிப்பாய் சிரித்தானா, பசியாக இருந்தானா என்று சொல்ல ஒருவரும் இல்லை. பொதிகள் வந்து இறங்கின. வேதசிரோமணி கையை விட்டுப் பார்க்காமலேயே தராசில் ஏற்றச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஏசம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தார். கை கால் கழுவும்போது ஒரு தடவை வாயைத் திறந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு தடவை. ஏசம்மாள் வீங்கின கண்ணோடு அவருக்குச் சோறு போட்டாள். அவர் கேட்டது வேறு.

"முகம் எப்படி இருந்துச்சு ஏசம்மா?"

"மீச வச்சிருக்கான். ஒட்டு மீசையா என்னவோ, அது தெரியல. ஒங்க சாடை வந்துருச்சு." சோற்றுச் சட்டியை மூடிவிட்டு, "நீங்க முக்காடு போட்டுக்கிட்டு மூணு தடவ வந்தீகன்னு பால்சாமி சொன்னாக. அடையாளம் தெரிஞ்சு தொயந்து பாக்க வந்திருக்கீக, எங்கிட்டச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்திருக்கீக. அன்னைக்கி அழுகைல நான் அத யோசிக்கல" என்றாள். அவள் முகத்தில் ஒரு கேலிகூட இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது.

விளக்கேற்றியதும் இருவரும் முழங்கால் போட்டார்கள். எப்போதும் அவர்தான் ஜெபம் பண்ணுவார். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தார், மேலே போகவில்லை. ஏசம்மாள் செத்த நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே தொடர்ந்தாள்.

"ஆண்டவரே, எம்பிள்ள தேவஇரக்கம் எங்க இருந்தாலும் அவனக் காத்துக்கொள்ளும். பாக்கக் குடுத்த நாளுகளுக்காக ஸ்தோத்திரம். அந்தக் கடுதாசி எழுதுனவன் யாருன்னு எனக்குத் தெரியாது. அவன் மேல எனக்கு ஆத்தரமாத்தான் இருக்கு ஆண்டவரே, பொய் சொல்லல. ஆனா அவனும் ஒரு பிள்ளையப் பெத்தவனா இருந்தா, எனக்கு வந்தது அவனுக்கு வர வேண்டாம். அவன் பிள்ள முகத்த அவன் கண்ணாலே பாக்கும்படி செய்யும்."

அவள் நிறுத்தினாள். சொல்ல வேண்டியது இனி அவர்தான். வேதசிரோமணி இடது கையை வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டை அசைத்தார்.

"கேக்கல" என்றாள் ஏசம்மாள்.

"ஆமென்" என்றார் வேதசிரோமணி.